பீமா நதிக்கரையில் அந்நியர் யார்?

1802ஆம் ஆண்டின் கடைசி நாள். மும்பைக்கு வடக்கே வசாயில், மராட்டிய ஆட்சியைக் கையில் வைத்திருந்த பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் ஆங்கிலேயக் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். போட்டி மராட்டியத் தலைவர் யஷ்வந்த்ராவ் ஹோல்கர், பேஷ்வாவின் தலைநகரான புனேயைப் பிடித்துக்கொண்டு அவரைத் துரத்தியிருந்த நேரம் அது. இழந்த பதவியை மீட்டுக் கொடுத்தால் போதும், கம்பெனிப் படையைத் தன் மண்ணிலேயே நிறுத்திக்கொள்கிறேன், அதன் செலவுக்கு நிலமும் எழுதித் தருகிறேன் என்றார். அடுத்த மே மாதம் ஆர்தர் வெல்லெஸ்லியின் படை துணைநிற்க, அவர் புனேயில் மறுபடி உட்கார்ந்தார்.

சரியாகப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1817 டிசம்பர் 31 இரவு எட்டு மணிக்கு, சிரூர் முகாமிலிருந்து கம்பெனியின் படைப்பிரிவு ஒன்று புனேயை நோக்கிக் கிளம்பியது. பேஷ்வாவைக் காப்பதற்கென்று அவரே சம்மதித்த ஏற்பாட்டின் பேரில் சிரூரில் தங்கியிருந்த படை. இப்போது அது அவரிடமிருந்து புனேயைக் காக்கப் போய்க்கொண்டிருந்தது.

ஆக்கிரமிப்புப் படைக்கும் அதை எதிர்த்து நின்றவர்களுக்கும் நடந்த போர் என்று எதைச் சொன்னாலும் நம் மனத்தில் ஒரு படம் எழும். ஒரு பக்கம் மண்ணின் மைந்தர்கள், மறுபக்கம் கடல் தாண்டி வந்தவர்கள். மறுநாள் 1818 ஜனவரி 1 அன்று பீமா நதிக்கரையிலுள்ள கோரேகானில் நடந்ததன்மேல் இந்தப் படத்தை ஒட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும், எங்கோ ஓரிடத்தில் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

இடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கம்பெனி தன்னை மெல்ல மெல்ல நெருக்குவதைப் பொறுக்கமுடியாமல் பாஜிராவ் 1817 நவம்பர் 5 அன்று கட்கியில் மோதிப் பார்த்தார், தோற்றார். அந்த மாதம் 17ஆம் தேதி புனேயில் பேஷ்வாவின் அரண்மனையான சனிவார் வாடாவின் மேல் ஆங்கிலேயக் கொடி ஏறியது. ஏற்றியவர் பாலாஜி பந்த் நாத்து, புனே பிராமணர். பேஷ்வா தெற்கும் வடக்குமாக ஓடி, டிசம்பர் கடைசியில் புனே பக்கம் திரும்பினார். நகரைக் காத்துக்கொண்டிருந்த கர்னல் பர், படை போதாது என்று சிரூருக்கு ஆள் அனுப்பினார். கேப்டன் பிரான்சிஸ் ஸ்டான்டன் கிளம்பியது அதனால்தான்.

அவரோடு போனவர்கள் 834 பேர். பம்பாய்க் காலாட்படையின் முதல் ரெஜிமென்ட், இரண்டாம் பட்டாலியனைச் சேர்ந்த ஏறக்குறைய ஐந்நூறு சிப்பாய்கள். துணைக் குதிரைப்படையினர் முந்நூறு பேர்போல. இரண்டு சிறு பீரங்கிகள். அந்தப் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு போனது மதராஸ் பீரங்கிப்படை என்பது தமிழ் வாசகர்கள் பலருக்குத் தெரியாது. பரங்கிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட படை. லெப்டினன்ட் சிஷம் தலைமையில் அதிலிருந்து வந்தவர்கள் 24 ஐரோப்பியரும் 4 இந்தியரும். இன்று பரங்கிமலை மெட்ரோ நிலையத்தில் ரயில் மாறுகிறவர்களில் ஒருவருக்கேனும் பீமா நதிக்கரை நினைவுக்கு வரக் காரணமில்லை. ஆனால் அந்தப் போரில், விகிதக் கணக்கில் பார்த்தால், மிக அதிகமாக அடிவாங்கியது இந்தச் சிறு கூட்டம்தான்: 12 பேர் செத்தார்கள், 8 பேருக்குக் காயம்.

இரவு முழுக்க இருபத்தைந்து மைலுக்கு மேல் நடந்து, காலை பத்து மணி வாக்கில் கோரேகானை ஒட்டிய மேட்டில் ஏறினார் ஸ்டான்டன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேஷ்வாவின் முகாம். இருபதாயிரம் குதிரைகள் என்று ஆங்கிலேயர் எழுதினார்கள். வென்றவர்கள் எண்ணிய எண்ணிக்கை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். எப்படியானாலும் மிகப் பெரிய படைதான். ஸ்டான்டன் ஆற்றைக் கடக்கப் போவதுபோலப் போக்குக் காட்டிவிட்டு, மண்சுவர் சூழ்ந்த கோரேகான் கிராமத்துக்குள் புகுந்துகொண்டார். பேஷ்வா தரப்பிலிருந்து மூன்று அணிகள், அணிக்கு அறுநூறு பேர் வீதம், ஆற்றைக் கடந்து வந்து கிராமத்தைச் சூழ்ந்தன.

அந்த மூன்று அணிகளில் யார் யார் இருந்தார்கள் என்பது முக்கியம். அரபுக் கூலிப்படையினர் இருந்தார்கள். ஆயுதம் தாங்கிய கோசாயித் துறவிகள் இருந்தார்கள். கவாத்துப் பழகிய காலாட்கள் இருந்தார்கள். மராட்டிய மண்ணைக் காக்கும் போரில், வீடுவீடாக நின்று மிகக் கடுமையாகச் சண்டையிட்டவர்கள் அரபுக் கடலுக்கு அப்பாலிருந்து சம்பளத்துக்கு வந்தவர்கள். அவர்களுக்கு எதிரே, அந்த மண்ணைப் பிடிக்க வந்த படையில், கொங்கணத்திலும் தக்காணத்திலும் பிறந்து மராத்தி பேசிய, தீண்டப்படாதவர்களாக நடத்தப்பட்ட மகர் சாதியினரும் மராத்தாக்களும். இதைப் படித்துவிட்டு, மண்ணின் மைந்தன் யார் என்று யாராவது அவசரமாகச் சொன்னால் அவரைக் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

பேஷ்வா எங்கே இருந்தார்? ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாதுகாப்பான தூரத்தில். அவர் பக்கத்தில் சதாராவின் சத்திரபதி பிரதாப்சிங் உட்கார்ந்திருந்தார். சிவாஜியின் வாரிசு, பெயருக்கு அரசர், நடைமுறையில் பேஷ்வா போகுமிடமெல்லாம் கூடவே இழுத்துச் செல்லப்பட்ட கைதி. யாருடைய பெயரால் அந்தப் போர் நடந்ததோ அவருக்குப் போரில் வேறு வேலை இல்லை. பிற்பாடு சதாராவில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்து மராட்டியர் வரலாற்றை எழுதிய கிராண்ட் டஃப், அன்றைய காட்சி ஒன்றைக் குறித்துவைத்திருக்கிறார். வெயில் கொளுத்தவே அரசருக்கு ஒரு மறைப்புக் குடையைப் பிடித்தார்களாம். பாஜிராவ் பதறிப்போய், அதை இறக்கச் சொல்லுங்கள், குடையைக் குறிவைத்து இங்கிலீஷ்காரன் குண்டு போட்டுவிடப் போகிறான் என்றாராம். அரசர் வெயிலில் உட்கார்ந்தார். ஒரு பேரரசின் கடைசி வருஷத்துக்கு இதைவிடப் பொருத்தமான படத்தை ஓவியன் யோசித்துப் போட முடியாது.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் அதைவிடப் பெரிய கொடுமை, தாகம். இரவெல்லாம் நடந்து வந்தவர்கள், பகலெல்லாம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் சண்டையிட்டார்கள். பீமா நதி கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. போகும் வழிதான் அடைபட்டிருந்தது. பீரங்கிகளில் ஒன்றை அரபுகள் கைப்பற்றினார்கள். சிஷம் கொல்லப்பட்டார், அவர் தலை வெட்டப்பட்டது. ஆறரை அடிக்கு மேல் உயரமான லெப்டினன்ட் பாட்டின்சன், உடம்பில் குண்டு பாய்ந்து கிடந்தவர், எழுந்து துப்பாக்கியின் குழலைப் பிடித்துக்கொண்டு அதன் அடிக்கட்டையால் விளாசியபடி பாய்ந்தார். அந்தப் பாய்ச்சலில் பீரங்கி மீட்கப்பட்டது. அவர் பின்னர் சிரூரில் இறந்தார். மாலையில் பீரங்கிப் படையினர் சிலர் சரணடைந்துவிடலாம் என்றபோது, ஸ்டான்டன் சிஷமின் தலையற்ற உடலைக் காட்டி, சரணடைந்தால் இதுதான் கதி என்று சொன்னதாகப் பதிவு. பேச்சு அத்தோடு நின்றது. வீரத்தைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதப்பட்ட அத்தனை பக்கங்களிலும், அன்றைய மாலையின் முக்கியமான உணர்ச்சி பயம் என்பதை இந்த ஒரு சம்பவம்தான் ஒப்புக்கொள்கிறது.

இருட்டியதும் சண்டை தணிந்தது. அப்போதுதான் தண்ணீர் கிடைத்தது. இரவு ஒன்பது மணிக்குப் பேஷ்வாவின் ஆட்கள் கிராமத்தை விட்டு விலகினார்கள். கம்பெனியின் ஜெனரல் ஸ்மித் பின்னால் வந்துகொண்டிருக்கிறார் என்ற செய்தி பேஷ்வாவை அங்கே நிற்க விடவில்லை.

இப்போது கணக்குப் பாருங்கள். ஸ்டான்டன் கிளம்பியது புனேக்குப் போக. போகவில்லை, காயம்பட்டவர்களைச் சுமந்துகொண்டு சிரூருக்கே திரும்பினார். முரசு கொட்டிக்கொண்டு முகாமுக்குள் நுழைந்தார்கள் என்கிறது பதிவு. பேஷ்வாவோ எண்ணூறு பேரை அழிக்க முடியாமல், கண்ணெதிரே இருந்த புனேக்கும் போகாமல், தெற்கே ஓடினார். கம்பெனிப் படையில் இறந்தவர், காயம்பட்டவர், காணாமற்போனவர் 275 பேர். எதிர்த்தரப்பில் ஐந்நூறு அறுநூறு இருக்கலாம் என்பது ஆங்கிலேயர் மதிப்பு. போர்க்கலை தெரிந்த யாரைக் கேட்டாலும் இது யாருக்கும் வெற்றியில்லாத சண்டை என்றுதான் சொல்வார்கள். ஆனால் கம்பெனி அதைக் கீழைநாட்டில் தன் படையின் பெருமைமிகு வெற்றிகளில் ஒன்றாகக் கல்லில் வெட்டிவைத்தது. அடுத்த மாதமே ஆஷ்டியில் பேஷ்வாவின் தளபதி பாபு கோகலே போர்க்களத்தில் விழுந்தார். ஜூன் மாதத்தில் பாஜிராவ், ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் ஓய்வூதியத்துக்குச் சம்மதித்து, கான்பூர் அருகே பிட்டூருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் உயிரோடிருந்தார். எதிர்ப்பை வழிநடத்தியவருக்கு ஓய்வூதியம். எதிர்ப்பில் செத்தவர்களுக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை.

கம்பெனித் தரப்புக்குப் பெயர்ப்பலகை உண்டு. புனே – அகமதுநகர் சாலையில், நகரிலிருந்து முப்பது கிலோமீட்டர் போல, பெர்ணே எல்லையில் நிற்கும் தூண் அது. அடிக்கல் 1821 மார்ச் 26 அன்று நாட்டப்பட்டது. ஏறக்குறைய 65 அடி உயரம். ஊரார் ஜயஸ்தம்பம் என்கிறார்கள். கண்டெய்னர் லாரிகளும் சணஸ்வாடி, ராஞ்ஜண்காவ் தொழிற்பேட்டைப் பேருந்துகளும் புழுதி கிளப்பிக்கொண்டு போகும் சாலையோரம் அது நிற்கிறது. ஒரு பக்கம் ஆங்கிலம், ஒரு பக்கம் மராத்தி. இறந்த சிப்பாய்களின் பெயர்களை வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். பட்டாலியனைச் சேர்ந்த 49 பேரில் 22 பேர் மகர்கள். ‘நாக்’ என்று முடியும் பெயர்களால் அறியலாம். மற்றவர்களில் மராத்தாக்கள் 16 பேர், ராஜபுத்திரர்கள் 8 பேர், இரண்டொரு முஸ்லிம்கள், பெனே இஸ்ரேல் யூதர் ஒருவரோ இருவரோ. அந்தக் காலத்தில் இவர்கள் இத்தனை பேரையும் ஒரே சுவரில் ஒன்றாக உட்கார வைத்த கோவில் மகாராஷ்டிரத்தில் எதுவும் கிடையாது.

மகர்கள் ஏன் கம்பெனிக்காகச் சண்டையிட்டார்கள் என்ற கேள்வியை ஏதோ விடுகதைபோலக் கேட்கிறவர்கள் உண்டு. பேஷ்வாவின் புனேயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகும் காலை ஒன்பது மணிக்கு முன்பும் மகர்களும் மாங்குகளும் நகர வாசலுக்குள் வரக்கூடாது, அந்நேரங்களில் நிழல் நீளமாக விழும், யார்மீதாவது பட்டுவிடும் என்ற விதி இருந்ததைச் சமூகவியலாளர் ஜி. எஸ். குர்யே பதிவு செய்திருக்கிறார். இடுப்பில் துடைப்பமும் கழுத்தில் கலயமும் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் 1936இல் எழுதினார். சிவாஜியின் காலத்தில் கோட்டைக் காவலுக்கு நின்ற சமூகம் இது. பேஷ்வாக்களின் காலத்தில் அதன் நிழலுக்குக்கூட நேர அட்டவணை வந்துவிட்டது. சிரூரில் கம்பெனி கொடுத்தது சம்பளமும் சீருடையும் துப்பாக்கியும். நாட்டுக்கு நன்றியுள்ளவனாக இரு என்று சொல்வதற்கு முன்னால் நாடு ஏதாவது கொடுத்திருக்க வேண்டும் என்பது சாதாரணக் கொடுக்கல் வாங்கல் நியாயம்.

ஆனாலும் இந்த நியாயத்தை ஒரேயடியாக மேலே தூக்கிக் கொண்டுபோய், கோரேகான் சாதி ஒழிப்புக்காக நடந்த போர் என்று சொல்லிவிடுவதற்கு எனக்குக் கை வரவில்லை. அந்தப் பட்டாலியனை அனுப்பியது கர்னல் பர்ரின் கவலை, சாதியை எதிர்த்த ஜோதிராவ் புலேயின் கோபமல்ல. புலே பிறக்கவே இன்னும் ஒன்பது வருஷம் இருந்தது. தூணில் இருக்கும் 16 மராத்தாக்கள் எந்த விடுதலைக்காகச் செத்தார்கள் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். மறுபுறம், இது தேசப் பாதுகாப்புப் போர், கம்பெனிக்காக நின்றவர்கள் துரோகிகள் என்கிறவர்களுக்கு இன்னும் பெரிய தலைவலி. வசாயில் கையெழுத்திட்டவரை என்ன சொல்வது? சனிவார் வாடாவில் கொடியேற்றிய நாத்துவை என்ன சொல்வது? துரோகப் பட்டியலைத் திறந்தால் அது தூணில் இருக்கும் பெயர்களோடு முடியாது, மாளிகைகளுக்குள் போகும்.

தமிழ்நாட்டிலிருந்துகொண்டு மராட்டியருக்கு நியாயம் சொல்லக் கிளம்புவதற்கு முன் நம் வீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டைச் சிப்பாய்களை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியவர்கள்தான். ஆனால் ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைகளோடு வந்து அந்தக் கோட்டையை மீட்டபோது, அவரோடு வந்தவர்களில் மதராஸ் நேட்டிவ் குதிரைப்படையினரும் இருந்தார்கள். கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டை. பறையர் சமூகத்து இளைஞர்கள் மதராஸ் படையில் பெருமளவில் சேர்ந்ததற்கும் மகர்கள் பம்பாய்ப் படையில் சேர்ந்ததற்கும் காரணம் ஏறக்குறைய ஒன்றே. கட்டபொம்மனுக்குச் சிலை வைத்தோம், அது சரி. கம்பெனிச் சீருடையில் செத்த நம்மூர்க்காரர்களைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதை மட்டும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. பேசாமல் இருந்தால் இல்லையென்று ஆகிவிடும் என்பது நம் வழி. கோரேகானில் ஒரு தூண் நிற்பதால் மகாராஷ்டிரத்துக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

இந்தச் சிக்கல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதும் அல்ல. 1939 ஏப்ரலில் முசோலினியின் படை அல்பேனியாவில் இறங்கியது. 1943 ஜனவரியில், தெற்கே விளோரா நகருக்கு அருகே க்யோர்ம் என்ற மலைக்கிராமத்தில், எதிர்ப்பாளர்கள் இத்தாலியப் படையைப் பலமாக அடித்தார்கள். தேசியவாதிகளான பாலி கொம்பெதார் அமைப்பினரும் கம்யூனிஸ்டுகளும் அன்று ஒரே பக்கம் நின்றார்கள். இரண்டு தரப்பையும் ஒரே குடையின்கீழ்க் கொண்டுவர அந்த ஆண்டு ஆகஸ்டில் முக்யேயில் ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. சில நாள்கூடத் தாங்கவில்லை. பிறகு ஒருவரை ஒருவர் சுட்டார்கள். ஜெர்மானியர் வந்ததும் பாலியின் பலர் அவர்களோடு சேர்ந்தார்கள். போர் முடிந்து என்வர் ஹோஜாவின் ஆட்சி வந்தபின், எதிர்ப்பின் வரலாறு முழுவதும் ஒரு கட்சியின் சொத்தாயிற்று. க்யோர்மில் செத்தவர்களிடம் யாரும் கேட்டுக்கொண்டு அதைச் செய்யவில்லை.

அதே 1943 ஜனவரியில் புனே கன்டோன்மென்டில் கேபிடல் தியேட்டரில் குண்டு வெடித்து பிரிட்டிஷ் சிப்பாய்கள் சிலர் இறந்தார்கள். 1942 கிளர்ச்சியின் தலைமறைவு இளைஞர்கள் வைத்த குண்டு. அவர்களுக்குப் பிரிட்டிஷ் ராணுவம் ஆக்கிரமிப்புப் படை. அதே நாட்களில், அதே ராணுவத்தில், 1941இல் பெல்காமில் தொடங்கப்பட்ட மகர் ரெஜிமென்டின் வீரர்கள் தொப்பியில் ஒரு சின்னம் அணிந்திருந்தார்கள். அந்தச் சின்னத்தில் இருந்தது கோரேகான் தூண்.

அந்த ரெஜிமென்ட் எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கதையில் என்னை மிகவும் உறுத்தும் பகுதி. தூண் எழுப்பிய அரசு தூணில் பெயர் வெட்டப்பட்டவர்களின் பேரன்களை வேலைக்கு வேண்டாம் என்றது. 1890களின் தொடக்கத்தில், போர்க்குடிகள் சிலர்தான், மற்றவர்கள் ராணுவத்துக்கு லாயக்கில்லை என்ற கொள்கை வேரூன்றியபோது, மகர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. உயர்சாதிச் சிப்பாய்கள் மகர் அதிகாரிக்குக் கீழே நிற்க மாட்டார்கள் என்ற சங்கடமும் சேர்ந்துகொண்டது. பேஷ்வாவின் நிழல் விதியை ஒழித்ததாகப் பெருமை பேசிய ஆட்சி, அதையே ஆள்சேர்ப்பு விதியாக்கிக்கொண்டது. 1894இல் ஓய்வுபெற்ற ஹவில்தார் கோபால் பாபா வலங்கர் மனு எழுதினார். 1910இல் புனேயின் சிவராம் ஜான்பா காம்ப்ளே லண்டனிலிருந்த இந்திய அமைச்சருக்கு மனு அனுப்பினார். எங்கள் பாட்டன்மார் கோரேகானில் உங்களுக்காகச் செத்தார்களே என்பதுதான் இத்தகைய மனுக்களின் சாரம். முதல் உலகப்போரில் ஆள் தட்டுப்பாடு வந்ததும் 1917இல் 111ஆவது மகர் படை தொடங்கப்பட்டது. போர் முடிந்ததும் கலைக்கப்பட்டது. அடுத்த போருக்கு மறுபடி கூப்பிட்டார்கள்.

ஆக, அந்தத் தூணை மகர்களுக்கு நினைவுச்சின்னம் ஆக்கியது கம்பெனியின் நன்றியுணர்வு அல்ல, கம்பெனிக்குப் பின்வந்தவர்களின் நன்றிகெட்டதனம். வேலை மறுக்கப்பட்டவர்கள் கையில் ஒரு சான்றிதழாக அது வந்து சேர்ந்தது. காம்ப்ளே அங்கே கூட்டங்கள் நடத்தினார். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே போய்ப் பேசினார். அவருடைய தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார்; ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். பட்டாளத்துக் கல்வி ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுவந்து நிறுத்தும் என்பதற்கு அந்த மேடையில் நின்றவரே சாட்சி. அதே ஆண்டு மார்ச் 20 அன்று அவர் மகாட் ஊரின் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தார். சட்டப்படி எல்லோருக்கும் திறந்திருந்த குளம் அது.

அம்பேத்கர் அந்தத் தூணை எப்படிப் பார்த்தார் என்பதைப் பலர் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். பிளாசியில் கிளைவுக்காக நின்றவர்கள் துசாத்துகள், கோரேகானில் நின்றவர்கள் மகர்கள், ஆக முதல் போரிலும் கடைசிப் போரிலும் தீண்டப்படாதவர்கள்தான் இந்தியாவைப் பிரிட்டிஷாருக்கு வென்று கொடுத்தார்கள் என்று அவர் வாதாடியது உண்மை. அதை மட்டும் எடுத்துக்கொண்டு அவரைப் பிரிட்டிஷ் விசுவாசி என்பவர்கள் 1930ஆம் ஆண்டு லண்டன் வட்டமேசை மாநாட்டில் அவர் கேட்டவற்றைப் படிக்க வேண்டும். நீங்கள் வருவதற்கு முன் ஊர்க் கிணற்றில் எங்களுக்குத் தண்ணீர் கிடையாது, இப்போது கிடைக்கிறதா? கோவிலுக்குள் போக முடியாது, இப்போது முடிகிறதா? போலீஸில் எடுக்க மாட்டார்கள், நீங்கள் எடுக்கிறீர்களா? ராணுவத்தில் இடமில்லை, இப்போது உண்டா? இந்தப் பொருள்பட அவர் அடுக்கிய கேள்விகளுக்கு அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த யாரிடமும் பதிலில்லை. ஆக்கிரமித்தவனுக்கும் எதிர்த்தவனுக்கும் ஒரே வினாத்தாள். இருவருக்கும் ஒரே மதிப்பெண். கோரேகானைப் பற்றி இதுவரை நான் படித்தவற்றில் நேர்மையான வாசிப்பு இதுதான் என்பேன்.

சுதந்திரத்துக்குப் பிறகு மகர் ரெஜிமென்டின் சின்னத்திலிருந்து தூண் எடுக்கப்பட்டு, அந்த இடத்தில் கட்டாரி வந்தது. தூணைத் தேடி வரும் கூட்டம் ஆண்டுக்காண்டு பெருகியது. ஜனவரி 1 அன்று தூண் நிற்கும் சாலை முழுவதும் நீலக்கொடி. லட்சக்கணக்கில் வருகிறார்கள். விதர்பாவிலிருந்தும் மராத்வாடாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாகச் சோற்றுமூட்டையோடு வந்து, தூணுக்கு வணக்கம் வைத்துவிட்டு, திரும்பும்போது புத்தகக் கடைகளில் நின்று புத்தகம் வாங்கிப் போகும் திருவிழா இந்தியாவில் வேறு எத்தனை இருக்கிறது என்று தெரியவில்லை.

இருநூறாவது ஆண்டில் அந்தத் திருவிழாவில் கல் விழுந்தது. 2017 டிசம்பர் 29 அன்று பக்கத்து ஊரான வடூ புத்ருக்கில் ஒரு பலகையைப் பற்றிய தகராறு. ஔரங்கசீப் 1689இல் கொன்ற, சிவாஜியின் மகன் சம்பாஜியின் உடலுக்குக் கடைசிக் காரியம் செய்தவர் கோவிந்த் கோபால் என்ற மகர் என்று அந்தப் பலகை சொன்னது. இல்லை என்றது ஒரு தரப்பு. இன்னொரு எதிர்ப்புப் போரின் பிணத்தை யார் தொட்டார்கள் என்பது முந்நூறு வருஷம் கழித்தும் தீராத வழக்கு. டிசம்பர் 31 அன்று சனிவார் வாடா முன்பு, ஓய்வுபெற்ற நீதிபதிகள் பி. பி. சாவந்த், பி. ஜி. கோல்சே பாட்டீல் ஆகியோர் முன்னெடுத்த எல்கார் பரிஷத் என்ற மாநாடு கூடியது. மறுநாள் தூணுக்குப் போனவர்கள்மேல் கல்வீச்சு, வண்டிகளுக்குத் தீவைப்பு. ஓர் இளைஞர் உயிர் இழந்தார். மகாராஷ்டிர அரசு, கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி ஜே. என். படேல் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைத்தது. அதன் காலக்கெடு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது.

கல் எறிந்தது யார் என்ற கேள்வி கமிஷனோடு நடந்துகொண்டிருக்க, வேறொரு வழக்கு வேகம் பிடித்தது. எல்கார் பரிஷத்தின் பின்னால் மாவோயிஸ்டு சதி என்று புனே போலீஸ் சொன்னது. பிறகு தேசியப் புலனாய்வு முகமை வழக்கை எடுத்துக்கொண்டது. வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள், கவிஞர், கலைஞர்கள் என்று பதினாறு பேர் உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் உள்ளே போனார்கள். அவர்களில் ஒருவர் அம்பேத்கரின் குடும்பத்தில் மணமுடித்த ஆனந்த் டெல்டும்டே. இன்னொருவர் நம்மூர்க்காரர்: திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்த இயேசு சபைப் பாதிரியார் ஸ்டேன் சுவாமி. வாழ்நாளின் பெரும்பகுதியை ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு கழித்தவர். விசாரணை இல்லாமலே சிறையில் கிடக்கும் ஆதிவாசி இளைஞர்களுக்காக நீதிமன்றம் போனவர். பீமா கோரேகானுக்குத் தான் ஒருநாளும் போனதில்லை என்று கைதுக்கு முன் பதிவு செய்த காணொளியில் சொன்னார். 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் கைது செய்யப்பட்டபோது வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். டம்ளரைப் பிடிக்க முடியாது. தண்ணீர் குடிக்க ஸ்ட்ராவும் மூடியிட்ட கோப்பையும் வேண்டும் என்று மனுப் போட்டார். பதில் சொல்ல முகமை இருபது நாள் அவகாசம் கேட்டது. அவரிடமிருந்து அப்படி எதையும் கைப்பற்றவில்லை என்பது பிறகு வந்த பதில். கடைசியில் சிறை நிர்வாகம் கொடுத்தது.

2021 ஜூலை 5 அன்று பாந்த்ராவில் உள்ள ஹோலி ஃபேமிலி மருத்துவமனையில் அவர் இறந்தார். வழக்கில் அதுவரை சாட்சி விசாரணை தொடங்கவே இல்லை. அவருடைய ஜாமீன் மனு அன்று மும்பை உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு எடுக்கப்பட்டிருந்தது.